மீன்தொட்டிக்குள் அண்டக்கதிர்

உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து ஒரு விநாடி அசையாமல் வைத்திருந்தால், அதற்குள் ஏறத்தாழ ஒரு துகள் அதை ஊடுருவிச் சென்றுவிடும். வலி தெரியாது, தோலில் அடையாளமும் இராது. கைக்கு மேலே ஓட்டுக்கூரை இருந்தாலும், அடுக்குமாடிக் குடியிருப்பின் பல தளங்கள் இருந்தாலும் இத்தகைய துகள்களில் பல தப்பி வந்துவிடும். பச்சிளங்குழந்தை முதல் முதியவர் வரை எல்லார் உடலையும் இவை இரவு பகலாகக் கடந்துகொண்டே இருக்கின்றன.

இந்தத் துகளுக்கு மியூவான் என்று பெயர். அதன் கதை பூமிக்கு வெகு தொலைவில் தொடங்குகிறது. புரோட்டான் முதலிய அணுக்கருத் துகள்கள், ஒளியின் வேகத்தை நெருங்கிய வேகத்தில், விண்வெளியின் எல்லாத் திசைகளிலிருந்தும் பூமியை நோக்கி வருகின்றன. இவையே அண்டக்கதிர்கள். ‘கதிர்’ என்ற பெயர் பழைய வழக்கால் நிலைத்துவிட்டது. உண்மையில் இவை பெரும்பாலும் ஒளிக்கதிர்கள் அல்ல, துகள்கள். வெடித்துச் சிதறிய விண்மீன்களின் எச்சங்களிலிருந்து இவற்றுள் பல புறப்படுகின்றன என்று அறிவியலாளர்கள் கருதுகின்றனர். காற்றுமண்டலத்தின் மேற்பகுதிக்கு வந்ததும் இவை காற்றின் அணுக்கருக்களோடு மோதுகின்றன. அந்த மோதலில் புதிய துகள்கள் பிறக்கின்றன. அவை சிதைந்து மியூவான்களாகின்றன. மியூவானை எலக்ட்ரானின் பருத்த அண்ணன் என்று சொல்லலாம். இரண்டும் மின்னூட்டம் கொண்டவை. ஆனால், மியூவானின் நிறை ஏறக்குறைய 207 மடங்கு அதிகம். கடல்மட்டத்தில் ஒரு சதுரச் சென்டிமீட்டர் பரப்பின் வழியே நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒரு மியூவான் இறங்குகிறது.

இவ்வளவு தாராளமாக வந்து விழும் ஒன்றைக் காண்பதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு மீன்தொட்டி போதும். ஆனால், கண்டது அண்டக்கதிர்தான் என்று உறுதியாகச் சொல்வது வேறு வேலை. கருவியைச் செய்வதைவிட அதுவே கடினமானது.

மேகம் செய்யும் தொட்டி

துகள்கள் செல்லும் தடத்தைக் கண்ணுக்குக் காட்டும் கருவிக்கு முகிலறை என்று பெயர். முகில் என்றால் மேகம். அதைக் கண்டுபிடித்தவர் துகள்களைத் தேடிப் போனவர் அல்லர். மேகத்தின்மீது ஆசை கொண்டவர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் வில்சன் 1894-ஆம் ஆண்டு செப்டம்பரில் பென் நெவிஸ் மலையுச்சியில் இருந்த வானிலை நிலையத்தில் சிறிது காலம் பணியாற்றினார். மலையைச் சூழ்ந்த மேகங்களின்மீது வெயில் பட்டு உண்டான வண்ண வளையங்கள் அவர் மனத்தைக் கவர்ந்தன. அவற்றை ஆய்வுக்கூடத்திலேயே உண்டாக்கிப் பார்க்க விரும்பி, கண்ணாடிக் கலத்துக்குள் செயற்கை மேகம் செய்யத் தொடங்கினார்.

மேகத்துளி உருவாவதற்கு ஒரு பிடிமானம் வேண்டும். தூசி இருந்தால், அதைப் பற்றிக்கொண்டு ஆவி துளியாக மாறும். தூசியே இல்லாத காற்றிலும் மின்னூட்டம் பெற்ற அணுக்கள், அதாவது அயனிகள், அந்த வேலையைச் செய்யும் என்று வில்சன் கண்டார். மின்னூட்டம் கொண்ட துகள் ஒன்று காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது, வழியெங்கும் அயனிகளை விட்டுச் செல்கிறது. அந்த அயனிகளின்மீது துளிகள் வரிசையாகப் படிந்தால் துகள் போன பாதை வெண்கோடாகத் தெரியும். வானத்தில் விமானம் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் பறந்தாலும் அதன் பின்னால் நீளும் வெள்ளைக் கோடு தெரிவதைப் போன்றதுதான் இது. 1911-இல் வில்சனின் கலத்தில் இத்தகைய தடங்கள் முதன்முதலாகப் படமாயின. 1927-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

வில்சனின் கருவியில் காற்றைத் திடீரென விரியச் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் கணப்பொழுதுதான் தடம் தெரியும். 1930-களின் பிற்பகுதியில் அலெக்சாண்டர் லாங்ஸ்டோர்ஃப் என்ற அமெரிக்கர் இதை எளிதாக்கினார். கலத்தின் மேற்பகுதி அறை வெப்பத்தில் இருக்கும். அடிப்பகுதி கடுங்குளிரில் இருக்கும். மேலே கிளம்பும் ஆவி ஓயாமல் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். குளிர்ந்த தகட்டை ஒட்டி, ‘எப்போது துளியாகலாம்’ என்று காத்திருக்கும் ஆவிப்படலம் ஒன்று எந்நேரமும் இருக்கும். இன்று பள்ளிகளிலும் வீடுகளிலும் செய்யப்படுவது இந்த வகை முகிலறைதான்.

அதற்குத் தேவையானவை அதிகமில்லை. சிறிய கண்ணாடி மீன்தொட்டி ஒன்றின் அடிப்பக்கத்தில், உள்ளே, தடித்த ஃபெல்ட் துணி பொருத்தப்படும். பசை தடவி ஒட்டினால் ஆல்கஹால் அதைக் கரைத்துவிடக்கூடும். ஆகவே, காந்தத் துண்டுகளால் பிடித்து வைப்பது நல்லது. துணி நன்கு ஊறும்வரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஊற்றப்படும். காயத்தைத் துடைக்க மருந்தகத்தில் விற்கும் 70 விழுக்காட்டு ஆல்கஹாலில் தண்ணீர் மிகுதி. அதில் தடம் சரியாகத் தெரிவதில்லை. 99 விழுக்காடு தூய ஆல்கஹாலே ஏற்றது. பின்பு தொட்டி தலைகீழாகக் கவிழ்க்கப்பட்டு, கறுப்பு வண்ணம் பூசிய உலோகத் தகட்டின்மீது வைக்கப்படும். காற்று புகாதபடி ஓரங்கள் அடைக்கப்படும். தகட்டின் கீழே உலர்பனிக்கட்டி பரப்பப்படும். ஐஸ்கிரீமையும் மீனையும் உருகாமல் கொண்டு செல்லப் பயன்படும் இந்தப் பனிக்கட்டி, உறைந்த கரியமில வாயுவாகும். அதன் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே ஏறத்தாழ 78 பாகை செல்சியஸ். வெறுங்கையால் தொட்டால் தோல் புண்ணாகும். மூடிய அறையில் வைத்தால் கரியமில வாயு நிறைந்து மூச்சுத் திணறும். ஆல்கஹாலோ எளிதில் தீப்பற்றும். எனவே, தடித்த கையுறை, திறந்த சன்னல், அருகில் தீ இல்லாமை, ஆசிரியரின் மேற்பார்வை ஆகிய நான்கும் இல்லாமல் இதைத் தொடக்கூடாது.

பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கின் ஒளியைத் தகட்டை ஒட்டிப் பக்கவாட்டில் பாய்ச்சினால், முதலில் மெல்லிய தூறல் போன்ற ஒன்று தெரியும். அது ஆல்கஹால் துளிகளின் மழை. மலேசியாவின் ஈரக்காற்றில் ஒரு தொல்லை உண்டு: தொட்டியின் வெளிப்புறக் கண்ணாடி பனிமூட்டம் போல் மங்கிப்போகும். துணியால் அடிக்கடி துடைத்துக்கொண்டே பார்க்க வேண்டும். சற்றுப் பொறுமையாக இருந்தால், திடீரென ஒரு வெண்கோடு தோன்றும். ஓரிரு விநாடியில் கலைந்து கீழே படியும். பிறகு இன்னொன்று. பிறகு மற்றொன்று.

கோடு எங்கிருந்து வந்தது?

முதல் கோட்டைக் கண்டதும், “இதோ, விண்ணிலிருந்து வந்த துகள்!” என்று கூவத் தோன்றும். அவசரம் கூடாது.

தொட்டிக்குள் மூன்று வகைக் கோடுகள் தெரியும். குட்டையாக, தடித்து, பளிச்சென்று தெரிபவை ஆல்ஃபா துகள்கள். இவை பெரும்பாலும் காற்றில் கலந்துள்ள ரேடான் வாயுவிலிருந்து வருகின்றன. மண்ணிலும் சுவரிலும் மிகச் சிறிதளவு உள்ள யுரேனியம் சிதைவதால் உண்டாகும் வாயு அது. நூல் சிக்கியது போல வளைந்து நெளிந்து தெரிபவை, ஆற்றல் குறைந்த எலக்ட்ரான்கள். மெல்லியதாக, நீளமாக, அளவுகோல் வைத்து வரைந்ததுபோல் நேராக இருப்பவையே மியூவான்களாக இருக்கக்கூடும். ‘கூடும்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வேகமாகச் செல்லும் எலக்ட்ரானும் சில வேளைகளில் நேர்கோடாகவே தெரியும்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மியூவான்களில் பெரும்பாலானவை தலைக்கு மேலிருந்து ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குபவை. தடம் தெரியும் ஆவிப்படலமோ தகட்டை ஒட்டி மிக மெல்லியதாகப் படர்ந்திருக்கும். செங்குத்தாக வரும் மியூவான் அந்தப் படலத்தைக் குத்திச் செல்லும்போது சிறு புள்ளியைத்தான் விட்டுச் செல்லும். யார் கண்ணுக்கும் அது படாது. நீண்ட அழகிய கோட்டை வரைவது, மிகவும் சாய்ந்து வரும் அரிய மியூவான்தான். ஆக, மீன்தொட்டி கண்ணுக்கு விருந்தளிக்கும். எண்ணிக்கைக்கு அதை நம்ப முடியாது.

இதே குழப்பம் நூறாண்டுகளுக்கு முன்பு அறிவியலாளர்களுக்கும் இருந்தது. அவர்களிடம் இருந்த கருவி மின்காட்டி. இரண்டு மெல்லிய உலோக இழைகளுக்கு மின்னூட்டம் கொடுத்தால் அவை ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கும். சுற்றியுள்ள காற்றில் அயனிகள் உண்டானால் மின்னூட்டம் கசிந்து, இழைகள் மெல்ல நெருங்கும். எவ்வளவு கவனமாக மூடி வைத்தாலும் மின்காட்டிகள் மின்னூட்டத்தை இழந்துகொண்டே இருந்தன. பூமியின் பாறைகளில் உள்ள கதிரியக்கமே அதற்குக் காரணம் என்று பலர் எண்ணினர். அப்படியானால், தரையை விட்டு விலகினால் கசிவு குறைய வேண்டும் அல்லவா? 1910-இல் தியோடர் வூல்ஃப் என்ற ஜெர்மானியப் பாதிரியார், தாமே செய்த மின்காட்டியைப் பாரிசின் ஐஃபெல் கோபுரத்தின் மேலே கொண்டு சென்றார். கசிவு குறைந்தது; ஆனால், எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை.

இத்தாலியைச் சேர்ந்த டொமினிக்கோ பாச்சினி எதிர்த்திசையில் யோசித்தார். 1911-இல் லிவோர்னோ கரையோரக் கடலில், மூன்று மீட்டர் ஆழத்தில், கருவியை இறக்கி அளந்தார். கசிவு ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்தது. கடல்நீரில் கதிரியக்கம் மிகக் குறைவு. அந்த நீர் எதையோ தடுத்திருக்கிறது என்றால், அது மேலிருந்து வந்திருக்க வேண்டும். பாச்சினியின் கட்டுரையை அன்று அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை. அவர் 1934-இல் காலமானார். அண்டக்கதிர்க் கண்டுபிடிப்புக்கான நோபல் பரிசு 1936-இல்தான் அறிவிக்கப்பட்டது.

அந்தப் பரிசைப் பெற்றவர்களுள் ஒருவர் ஆஸ்திரியாவின் விக்டர் ஹெஸ். 1912-ஆம் ஆண்டில் அவர் பலமுறை பலூனில் ஏறினார். ஏப்ரல் 17-ஆம் நாள், சூரிய கிரகணம் நடந்துகொண்டிருந்தபோதே பறந்து அளந்தார். சூரியனை நிலா மறைத்தபோதும் கதிரின் அளவு குறையவில்லை. எனவே, சூரியன் அதற்கு முதன்மைக் காரணமாக இருக்க முடியாது. ஆகஸ்டு 7-ஆம் நாள், ஹைட்ரஜன் நிரப்பிய பலூனின் திறந்த கூடையில், இருவர் துணையுடன், ஐந்து கிலோமீட்டருக்கும் மேலே சென்றார். மூன்று மின்காட்டிகள் உடன் இருந்தன. தொடக்கத்தில் கசிவு சற்றுக் குறைந்தது. தரைப்பாறைகளை விட்டு விலகியதன் விளைவு அது. அதன்பின் உயர உயரக் கசிவு கூடியது. ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் அது தரையில் இருந்ததைவிட மிகுதியாக இருந்தது. மேலிருந்து ஏதோ வருகிறது என்பதற்கு அதற்குமேல் வேறு விளக்கம் தேடுவது கடினமாயிற்று.

பாச்சினியும் ஹெஸ்ஸும் புதுமையான கருவி எதையும் நம்பியிருக்கவில்லை. கருவியை வைக்கும் இடத்தை மாற்றினார்கள், மீண்டும் அளந்தார்கள், இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டார்கள். வீட்டில் கருவி செய்யும் மாணவருக்கும் இந்த வழிதான் திறந்திருக்கிறது.

இரண்டு சாட்சிகள்

கைகர் எண்ணி என்ற சிறு கருவியை இன்று இணையத்தில் வாங்கலாம். துகள் உள்ளே நுழையும்போதெல்லாம் அது ‘டிக்’ என்று ஒலிக்கும். ஆனால், அது சுவரிலிருந்து வந்ததையும் விண்ணிலிருந்து வந்ததையும் பிரித்தறியாது. ஒருவர் அதை எடுத்துக்கொண்டு ஈப்போவிலிருந்து கேமரன் மலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மலையில் ஒலி கூடுகிறது. உயரம் கூடியதால் அண்டக்கதிர் கூடிவிட்டது என்று அவர் எழுதிவிடலாம். ஆனால், தித்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கற்பாறையால் ஆனது. அத்தகைய பாறையில் யுரேனியமும் தோரியமும் இயல்பாகவே சற்று அதிகம். கூடிய ஒலிகளில் எத்தனை வானத்தைச் சேர்ந்தவை, எத்தனை காலடியில் உள்ள கல்லைச் சேர்ந்தவை? ஒற்றைக் கருவி அதற்குப் பதில் சொல்லாது.

ஒரு வழக்கில் ஒரே சாட்சி சொல்வதை நம்பத் தயங்கும் நீதிபதி, இரண்டாவது சாட்சியைக் கேட்பார். ஜெர்மனியில் வால்டர் போத்தே, வெர்னர் கோல்ஹோர்ஸ்டர் ஆகிய இருவரும் 1929-இல் அதைத்தான் செய்தனர். இரண்டு எண்ணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டும் ஒரே நேரத்தில் துடித்தால் மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டனர். சுவரிலிருந்து வரும் வலுவற்ற துகள் ஓர் எண்ணியைத் தொட்டுவிட்டு அடங்கிவிடும். இரண்டையும் துளைத்துச் செல்வது மியூவான் போன்ற வலிய துகளாகவே இருக்கும். பிறகு இரு எண்ணிகளுக்கும் இடையே 4.1 சென்டிமீட்டர் தடிப்புள்ள தங்கக்கட்டியை வைத்தனர். அப்போதும் பெரும்பாலான துகள்கள் அதைத் துளைத்து வந்தன. அடுத்த ஆண்டே இத்தாலியின் புருனோ ரோசி, எத்தனை எண்ணிகளை வேண்டுமானாலும் இணைத்து ஒரே நேரத் துடிப்புகளைக் கண்டறியும் மின்சுற்று ஒன்றை அமைத்தார்.

இன்று அந்த இரு சாட்சி முறையைப் பள்ளி மேசையில் செய்யலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான ‘காஸ்மிக் வாட்ச்’ என்ற சிறு கருவி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஐந்து சென்டிமீட்டர் சதுரமும் ஒரு சென்டிமீட்டர் தடிப்பும் கொண்ட நெகிழித் தகடு அதன் உயிர்நாடி. துகள் பாயும்போது அந்தத் தகடு மிக மெல்லிய ஒளியைச் சிந்தும். சிலிக்கானால் ஆன ஒளியுணரி அதைப் பிடித்து மின்துடிப்பாக்கும். சிறிய மின்னணுப் பலகை அதை எண்ணும். ஏறக்குறைய நூறு அமெரிக்க வெள்ளி செலவில் செய்யக்கூடியதாக அது வடிவமைக்கப்பட்டது. செய்முறை எல்லார்க்கும் பொதுவாகத் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு கருவிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கம்பியால் இணைத்தால் இரு சாட்சிகளும் தயார்.

அடுக்கை நிமிர்த்தி வைத்து ஒரு மணி நேரம் எண்ணலாம். பிறகு படுக்கப் போட்டு ஒரு மணி நேரம் எண்ணலாம். படுத்த நிலையில் எண்ணிக்கை வெகுவாகக் குறையும். தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் வந்தவற்றை மட்டுமே கருவி எண்ணியிருந்தால் இப்படி நிகழாது.

இங்கே பொறுமைக்கு ஒரு கணக்கு உண்டு. மியூவான்கள் கடிகாரம் பார்த்து வருவதில்லை. மழைத்துளிகள் தகரக் கூரையில் விழுவதுபோல், சில வேளை நெருங்கி வரும். சில வேளை இடைவெளி விடும். ஆதலால், எந்த எண்ணிக்கையிலும் அதன் இருபடி மூல அளவுக்கு ஏற்ற இறக்கம் இருப்பது இயல்பு. 100 எண்ணினால் 10 கூடவோ குறையவோ இருக்கலாம். அது பத்து விழுக்காடு. 10,000 எண்ணினால் 100 கூடவோ குறையவோ இருக்கலாம். அது ஒரே விழுக்காடு. காலையில் 98, மாலையில் 107 என்று பதிவானால், மாலையில் அண்டக்கதிர் கூடுகிறது என்று அறிக்கை எழுதக்கூடாது. அந்த வேறுபாட்டுக்குப் பொருளே இல்லை. கேமரன் மலையில் தானா ராத்தா நகரம் 1,400 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. இரு சாட்சிக் கருவியை அங்கே கொண்டு சென்றால் உண்மையான கூடுதல் தெரியவே செய்யும். ஆனால், மலையடிவாரத்தில் பல மணி நேரம், மலைமேல் பல மணி நேரம் என்று எண்ணாமல் அதைச் சொல்ல முடியாது.

இடமாற்றத்தால் பெரிய உண்மை ஒன்று வெளிப்பட்ட நிகழ்ச்சி நம் வட்டாரத்திலேயே உண்டு. ஜாவாத் தீவின் பண்டுங் நகரில் பேராசிரியராக இருந்த டச்சுக்காரர் யாகோப் கிளே, 1927-இல் ஜாவாவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலில் சென்றபோது வழியெல்லாம் அண்டக்கதிரை அளந்தார். நிலநடுக்கோட்டை ஒட்டிய கடலில் அளவு குறைவாகவும், வடக்கே செல்லச் செல்ல அதிகமாகவும் இருந்தது. அண்டக்கதிர்கள் ஒருவகை ஒளி என்றே ராபர்ட் மில்லிக்கன் போன்ற புகழ்பெற்ற அறிவியலாளர்கள் அப்போது கூறிவந்தனர். ஒளியைப் பூமியின் காந்தப்புலம் வளைக்காது. அது எங்கும் ஒரே அளவாக விழ வேண்டும். மின்னூட்டம் கொண்ட துகளைத்தான் காந்தப்புலம் வளைத்துத் திருப்பும்; நிலநடுக்கோட்டுப் பகுதியில் அந்தத் தடுப்பு வலிமையானது. 1930-களின் தொடக்கத்தில் ஆர்தர் காம்ப்டன் உலகின் பல பகுதிகளில் அளக்கச் செய்தபோது கிளேயின் முடிவு உறுதிப்பட்டது. கப்பல் பயணி ஒருவரின் அளவுகள் பெரியவர்களின் கருத்தை அசைத்துவிட்டன. அந்தக் காந்தத் தடுப்பு உலகிலேயே மிக வலிமையாக உள்ள இடங்களுள் தென்கிழக்காசியாவும் ஒன்று. தாய்லாந்தின் உயரமான மலையான டோய் இந்தானனில் அண்டக்கதிர் ஆய்வு நிலையம் அமைக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

கறுப்பு ஒட்டுநாடா ஒட்டிய திறன்பேசி

செலவே வேண்டாம் என்பவர்க்கும் ஒரு வழி இருக்கிறது. திறன்பேசியின் படக்கருவியை ஒளி புகாதபடி கறுப்பு ஒட்டுநாடாவால் மூடிவிட்டு, இரவு முழுவதும் இருட்டைப் படமெடுக்க விட வேண்டும். அதன் உணரியில் மியூவான் பாய்ந்தால் சில புள்ளிகள் வெளிச்சமாகும். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ‘டெக்கோ’, போலந்திலிருந்து தொடங்கிய ‘கிரெடோ’ ஆகிய செயலிகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. உணரியின் பரப்பு கால் சதுரச் சென்டிமீட்டர் என்று கொண்டால், சராசரியாக நான்கு நிமிடத்திற்கு ஒரு மியூவான்தான் அதன்மீது விழும். அதற்கிடையில் பேசி சூடானதால் தோன்றும் பொய்ப்புள்ளிகளையும், சுற்றியுள்ள பொருள்களின் கதிரியக்கத்தால் வரும் புள்ளிகளையும் கழிக்க வேண்டும். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் புள்ளி தோன்றினால் அது உணரியின் குறையே தவிர விண்வெளிச் செய்தி அல்ல.

படம் பதியும் பரப்பில் துகளைப் பிடிப்பது புதிய உத்தி அன்று. 1930-களின் இறுதியில் கல்கத்தாவின் போஸ் கழகத்தில் தேபேந்திர மோகன் போஸும் அவருடைய மாணவி பிபா சௌத்ரியும், ஒளிப்படத் தகடுகளை டார்ஜிலிங்கிலும் அதைவிட உயரமான சந்தக்ஃபூவிலும் பல மாதங்கள் வைத்திருந்தனர். மின்சாரம் வேண்டாம், காவல் வேண்டாம், தகடு தானே பதிவு செய்துகொள்ளும். பின்பு அவற்றைக் கழுவி, நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொரு தடத்தையும் கண்வலிக்க எண்ணினர். தடங்களின் வளைவையும் புள்ளிகளின் நெருக்கத்தையும் கொண்டு, எலக்ட்ரானைவிட ஏறக்குறைய 200 மடங்கு நிறையுள்ள துகள்கள் அதில் இருப்பதாகக் கணக்கிட்டு, 1940-களின் தொடக்கத்தில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். முடிவை உறுதியாக்கச் செறிவு மிகுந்த தகடுகள் தேவைப்பட்டன. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது; அவை இந்தியாவுக்குக் கிடைக்கவில்லை. போருக்குப் பிறகு, மேம்பட்ட தகடுகளைக்கொண்டு இங்கிலாந்தில் செசில் பவலின் குழு இதே வழியில் பையான் என்ற துகளைக் கண்டறிந்தது. 1950-இல் பவலுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிபா சௌத்ரியின் பெயரை நெடுங்காலம் பலர் அறியவில்லை. 2019-இல்தான் தொலைதூர விண்மீன் ஒன்றுக்கு ‘பிபா’ என்று பெயர் சூட்டப்பட்டது. எளிய கருவி பலவற்றைச் செய்யும். ஆனால், எல்லாவற்றையும் செய்யாது.

தனி ஒரு கருவி செய்ய முடியாததைச் சில வேளைகளில் பல எளிய கருவிகள் சேர்ந்து செய்யும். 1938-இல் பிரான்சின் பியேர் ஓஜே, நூற்றுக்கணக்கான மீட்டர் இடைவெளியில் வைத்த எண்ணிகள்கூட ஒரே கணத்தில் துடிப்பதைக் கண்டார். பேராற்றல் கொண்ட ஒற்றைத் துகள் வானத்தின் உச்சியில் மோதும்போது, கோடிக்கணக்கான துகள்கள் பரந்த பொழிவாகத் தரையில் இறங்குகின்றன. இதைப் பிடிக்க வேண்டுமானால் கருவிகள் ஊரெங்கும் பரவியிருக்க வேண்டும். ஊரெங்கும் பரவியிருக்கும் கட்டடங்கள் எவை? பள்ளிகள்தாம்.

2000-களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் ‘ஹைஸ்பார்க்’ என்ற திட்டம் இந்த எண்ணத்தில் உருவானது. இடைநிலைப்பள்ளி மாணவர்களும் ஆசிரியர்களும், அரை சதுர மீட்டர் பரப்புள்ள ஒளிரும் நெகிழித் தகடுகளைத் தாமே பொருத்திக் கருவிகளை உருவாக்கினர். அவற்றைப் பள்ளிக் கூரையில் வைக்க வேண்டும். மழையும் பனியும் உள்ளே போகக்கூடாது. அதற்கென்று தனிப்பெட்டி செய்வது செலவு. ஆகவே, பனிச்சறுக்கு மட்டைகளைக் காரின் கூரையில் ஏற்றிச் செல்ல அந்நாட்டுக் கடைகளில் விற்கும் நீண்ட நெகிழிப் பெட்டிகளையே வாங்கிக்கொண்டனர். ஒவ்வொரு பெட்டியின் பதிவிலும் செயற்கைக்கோள் தரும் துல்லியமான நேரம் குறிக்கப்பட்டது. ஒரு பொழிவு இறங்கும்போது எந்தப் பெட்டி முதலில் துடித்தது, அடுத்தது எத்தனை நானோவிநாடி கழித்துத் துடித்தது என்று ஒப்பிட்டு, அந்தப் பொழிவு வானத்தின் எந்தப் பக்கத்திலிருந்து சாய்ந்து வந்தது என்பதை மாணவர்கள் கணக்கிட்டனர்.